எலும்புக்குள் ஆணி அடித்த டாக்டர்: கேள்வி பதில்

விபத்துப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்த எலும்பு டாக்டர் என்பதால், தொடை எலும்பு முறிவுக்கு எலும்பின் உள்ளே நீளவாக்கில் வைக்கும் உலோக ஆணியான ‘கே நெய்ல்’ பற்றியும் அதைக் கொண்டுவந்த கெர்ஹார்ட் குன்ட்ஷர் பற்றியும் பலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இவர் யார், எந்த ஊர்? சுருக்கமாகச் சொல்லுங்கள் டாக்டர்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஸ்விக்காவ் என்ற ஊரில் 1900 டிசம்பரில் பிறந்தார். யேனாவில் டாக்டர் பட்டம். பிறகு வடக்கே கடலோரத்தில் இருக்கும் கீல் பல்கலைக்கழக மருத்துவமனையில் சர்ஜன். பெயர் வாங்கித் தந்த வேலையெல்லாம் அங்கேதான் நடந்தது. போருக்குப் பின் ஷ்லெஸ்விக்கில் ஒரு மருத்துவமனையை நடத்தினார். 1957-லிருந்து 1965 வரை ஹாம்பர்க் துறைமுக மருத்துவமனையின் தலைவர்.

ஃபிசியோதெரபி மாணவி நான். நெய்ல் வருவதற்கு முன்னால் தொடை எலும்பு உடைந்தவர்களை என்ன செய்தார்கள்?

படுக்க வைத்தார்கள். எலும்பில் கம்பி குத்தி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கவிட்டு இழுப்பார்கள். தொடைத் தசைகள் பலமானவை. எடை இல்லாவிட்டால் உடைந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் காலைக் குட்டையாக்கிவிடும். இரண்டு மூன்று மாதம் இப்படியே கிடந்து, அதற்குமேல் மாவுக்கட்டு. எலும்பு கூடும், ஆனால் முட்டி மடங்காது, தசை வற்றிவிடும், முதுகில் படுக்கைப்புண். வயதானவர்கள் நுரையீரலில் சளி கட்டியே போய்விடுவார்கள். நீங்கள் இன்று ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளே நோயாளியை எழுப்பி உட்கார வைக்கிறீர்களே, அந்த வசதிக்கு குன்ட்ஷர் ஒரு முக்கியக் காரணம்.

எலும்புக்குள் கம்பி விடுவது இவருடைய சொந்த யோசனையா?

முழுக்க இல்லை. தந்தத்தில் செய்த முளைகளை உள்ளே வைத்துப் பார்த்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஹே குரோவ்ஸ் உலோகத் தண்டு வைத்தார். சீழ் பிடித்துக் கெட்டுப்போனது. தொடை எலும்பின் ‘கழுத்து’ எனப்படும், இடுப்பு மூட்டருகே குறுகலாக இருக்கும் பகுதியின் முறிவுக்கு அமெரிக்காவின் ஸ்மித்-பீட்டர்சன் அடித்த மூன்று சிறகு ஆணிதான் குன்ட்ஷருக்குத் தூண்டுதல். அந்தக் கழுத்துக்கு ஆணி நிற்கிறது என்றால் எலும்பின் நீளத் தண்டுப் பகுதிக்கு ஏன் நிற்காது என்று யோசித்தார். நாய்களில் செய்து பார்த்துவிட்டு 1939 நவம்பரில் கீலில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அடித்தார்.

அவருடைய சொந்தச் சரக்கு இரண்டு. ஒன்று, முறிந்த இடத்தைத் திறக்கவே கூடாது என்ற பிடிவாதம். இடுப்புப் பக்கம் சின்னதாகக் கீறி, தொடை எலும்பின் மேல்முனையிலிருந்து ஆணியை இறக்க வேண்டும். முறிவைச் சுற்றியுள்ள ரத்தக்கட்டும் தசையும் கலையாமல் இருந்தால் எலும்பு தானே கூடும், கிருமியும் எளிதில் நுழையாது. மற்றது, ஆணி தானாகவே இறுகிப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு. ஆரம்பத்தில் ஆணியின் குறுக்குவெட்டு ‘வி’ வடிவம். பிறகு மூவிதழ் இலை மாதிரி, உள்ளே பொள்ளல், ஒரு பக்கம் நெடுகப் பிளவு. எலும்பின் நடுவே மஜ்ஜை இருக்கும் குழாயின் குறுகலான இடத்தில் அடிக்கும்போது ஆணி நெருங்கிச் சுருங்கும், பின் விரிய முயன்று எலும்புச் சுவரை உள்ளிருந்தே கவ்வும். குடைக்கம்பியை மூங்கிலுக்குள் செருகியது போல லொடலொடவென்று இருந்தால் பயனில்லை.

இன்ஜினியர் ஒருவரும் கூட இருந்ததாகப் படித்தேன். அவர் பெயரை ஏன் யாரும் சொல்வதில்லை?

எர்ன்ஸ்ட் போல். கீலில் மருத்துவக் கருவிகள் செய்தவர். துருப்பிடிக்காத எஃகில் ஆணியையும் அதை அடிக்க, பிடுங்கத் தேவையான கருவிகளையும் உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. சர்ஜன் பெயரில் கருவி வந்தால் பட்டறைக்காரர் பெயர் மறைந்துவிடுவது எங்கள் துறையில் பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜெர்மன் டாக்டர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

எங்கே! 1940 மார்ச்சில் பெர்லினில் சர்ஜன்கள் மாநாட்டில் சொன்னபோது வரவேற்பு குளிர்ச்சிதான். மஜ்ஜையைக் கலைத்தால் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும் என்பது பெரிய பயம், அதில் நியாயமும் உண்டு. வியன்னாவின் லோரென்ஸ் போலர் அன்றைக்கு எலும்பு முறிவு வைத்தியத்தில் பெரிய பெயர். அவர் முறையை எடுத்துக்கொண்டார். பிறகு, கண்டபடி எல்லாருக்கும் அடித்தால் ஆபத்து என்று எச்சரிக்கவும் செய்தார். இரண்டுமே சரி என்பேன்.

பரப்பியது போர்தான். ராணுவ டாக்டராக வட ஃபின்லாந்துக்குப் போன குன்ட்ஷரிடமிருந்து ஃபின்லாந்து சர்ஜன்கள் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் டாக்டர்களுக்கோ விஷயம் தெரியவந்தது எக்ஸ்ரேயில்! ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்து திரும்பிய வீரர்களின் தொடைக்குள் நீள உலோகத் தண்டு. மனிதர்களை வைத்துச் சோதனை செய்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த வீரர்கள் நடந்து வந்திருந்தார்கள். 1945 மார்ச்சில் டைம் இதழே இதைப் பற்றி எழுதியது.

அப்படியென்றால் இவர் நாஜியா சார்?

நாஜிக் கட்சி உறுப்பினர். இதை மழுப்பிவிட்டு ‘மேதை’ என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் எனக்குப் பிடிக்காது. ஆணி நல்லது என்பதால் அந்த உறுப்பினர் அட்டை இல்லாமல் போகாது. ஆணியைத் தூக்கிப்போடவும் வேண்டியதில்லை.

குடும்பம்?

கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1972 டிசம்பரில், 72 வயதில், எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே இறந்தார்.

பி.ஜி. மாணவன் கேட்கிறேன். இப்போது எல்லாம் குறுக்கே திருகு போட்டுப் பூட்டும் இன்டர்லாக்கிங் நெய்ல்தானே, குன்ட்ஷரை ஏன் படிக்க வேண்டும்?

கே நெய்ல் நன்றாக நிற்பது எலும்புத் தண்டின் நடுவில், குறுக்காக உடைந்த முறிவில்தான். நொறுங்கியிருந்தாலோ முனைக்கு அருகில் உடைந்தாலோ கால் குட்டையாகும், திரும்பிக்கொள்ளும். இது அவருக்குத் தெரியும். அதனால்தான் 1950-களில் குழாயைத் துருவி அகலமாக்கி, தடித்த ஆணி போட்டார். 1968-ல் குறுக்கே திருகு பூட்டும் ‘டிடென்சர்’ ஆணியையும் காட்டினார். 1972-ல் கிளெம், ஷெல்மன் என்ற ஜெர்மன் சர்ஜன்கள் இருவரும் அதை மேலும் எடுத்துச் சென்றார்கள். ஆக, நீங்கள் போடும் இன்டர்லாக்கிங் ஆணியின் தாத்தாவும் அவர், பாதி அப்பாவும் அவர்.

இன்னொன்று. ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவி இல்லாத காலத்தில் நம் நாட்டில் பெரும்பாலும் முறிவைத் திறந்துதான் கே நெய்ல் போட்டோம். அவர் பெயர் சொன்ன ஆணியை, அவர் கூடாது என்ற வழியில்! வேறு வழி இல்லை. பல பேர் நடந்தும் விட்டார்கள்.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமாக அந்த ராடு தொடையில் இருக்கிறது. எடுக்கணுமா ஐயா?

வலி இல்லை, நன்றாக நடக்கிறார் என்றால் வயதானவருக்குப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவோம். பழைய ஆணியைப் பிடுங்குவதும் சின்ன வேலை அல்ல. உட்காரும்போது பிட்டத்தில் குத்துகிறது என்றால் மேல்முனை வெளியே தள்ளி நிற்கலாம். புதிதாக வலியோ சீழோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்து, போட்ட இடத்துப் பழைய ஃபைல் இருந்தால் அதையும் கொண்டுபோய் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.