பாரிலோச்சே மலை நடை: ஏஜென்ட் கேட்கும் 300 டாலரைக் கொடுக்கலாமா?

கேள்வி: டிசம்பர் முதல் வாரம் நண்பர்கள் மூன்று பேர் அர்ஜென்டினாவின் பாரிலோச்சே போகிறோம். ஃப்ரே, ஹாகோப், லகுனா நெக்ரா என்று மலைக்குடில்களில் தங்கி நான்கு நாள் நடக்கத் திட்டம். பெர்மிட்டும் கைடும் கட்டாயம், ஆளுக்கு 300 டாலர் ஆகும் என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் நடக்கப்போவது நவேல் உவாபி தேசியப் பூங்காவுக்குள். மலைப்பாதையில் போகிறவர்கள் பூங்காவின் இணையதளத்தில் பெயரையும் வழியையும் பதிய வேண்டும், அது கட்டாயம்தான். ஆனால் அந்தப் படிவத்தை உங்கள் கைபேசியிலேயே நிரப்பிவிடலாம். ஆள் திரும்பவில்லை என்றால் எங்கே தேடுவது என்று தெரிவதற்காக வைத்திருக்கும் பதிவு அது. அதைத்தான் 'பெர்மிட்' என்று விற்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதி பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் அதே இலவசப் பதிவின் அச்சுப் பிரதி! குடிலில் அவர்களுக்குப் படுக்கை கூட ஏஜென்ட் முன்பதிவு செய்து வைக்கவில்லை. படுக்கையோ கூடாரம் போட இடமோ, குடில்காரர்களிடம் நேரடியாக முன்பதிவு செய்யுங்கள். நுழைவுக் கட்டணம் இருந்தால் பூங்காவிடமே கட்டுங்கள்.

பதிவுக்கு ஒரு இடம், குடிலுக்கு இன்னொரு இடம், பாதை நிலவரத்துக்கு வேறொரு இடம், அறிவிப்புகள் பெரும்பாலும் ஸ்பானிஷில். வெளியூர்க்காரர் குழம்பாமல் என்ன செய்வார்? எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டால் இந்த ஏஜென்டுகளுக்குப் பிழைப்பே இருக்காது. எத்தனை வருடமாகச் சொல்வது!

சரி, கைடு விஷயம். ஃப்ரேவுக்குக் கைடு தேவையில்லை. கதெட்ரால் மலையடிவாரம் வரை பஸ் போகிறது. அங்கிருந்து சுமார் நான்கு மணி நேரம் நடந்தால் 1,700 மீட்டர் உயரத்தில் டோன்செக் ஏரிக்கரையில் கல் குடில். அங்கே கூடாரம் போடும் இடங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருப்பார்கள். அதற்குள்ளேயே போடுங்கள், இரவில் மேற்குக் காற்று கூடாரத்தைப் பிடுங்கிவிடும்.

ஃப்ரேவிலிருந்து ஹாகோப் போக, ஷ்மோல் ஏரியைத் தாண்டி மேலேறி, ருகாகோ பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஒரு கணவாய் ஏற வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் அந்தச் சரிவில் பனி கிடக்கலாம். காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், பூட்ஸ் தடம் பதியாது. மதியம் அதே பனியில் முழங்கால் வரை புதையும். முந்தின நாள் இரவே குடில்காரரிடம் நிலவரம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வந்த வழியே இறங்கிவிடுங்கள்.

ஆனால் ஹாகோப்பிலிருந்து லகுனா நெக்ராவுக்கான பகுதியை மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் மூன்றும் ஒரே கோடாகத் தெரியும், அதுதான் ஏமாற்றுகிறது. இது செங்குத்தும் சரளையுமான வழி. சில இடங்களில் கையால் பிடித்துத்தான் நகர வேண்டும். மேகம் இறங்கினால் பாதையே தெரியாது. பனி இருந்தால் ஐஸ் கோடரி பிடித்துப் பழகியவர்கள் மட்டுமே போக வேண்டும். உங்களில் யாருக்காவது அந்தப் பழக்கம் உண்டா? இல்லையென்றால் ஹாகோப்பிலிருந்து காசா தே பியெத்ரா ஓடையோரமாகக் கீழே இறங்கிவிடுங்கள், அதுவே மூன்று நாள் நல்ல நடை. லகுனா நெக்ராவைப் பார்த்தே ஆக வேண்டுமா? பாரிலோச்சேக்குத் திரும்பி, கொலோனியா சுயிசா என்ற சிற்றூர்ப் பக்கமிருந்து தனியாக ஏறலாம். ஹாகோப்பிலிருந்து லகுனா நெக்ராவுக்கு நேராகக் கடந்தே தீருவோம் என்றால் மட்டும் கைடு வையுங்கள், அதுவும் பாரிலோச்சேயில் உரிமம் உள்ள மலை வழிகாட்டியை நேரில் பார்த்துப் பேசிய பிறகு.

அப்புறம், அடுப்புக்கான கேஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பாரிலோச்சே கடைகளில் கிடைக்கும், மலையேறும் முந்தின நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.