கம்பைலருக்கு வரம்பு சொல்லலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாகர்கோவில் மாணவி: சி மொழியில் ஒரு மாறிக்கு முன்னால் ரெஜிஸ்டர் (செயலிக்குள்ளேயே வை) என்று போட்டால் வேகம் கூடுமா?

கூடாது. கம்பைலர்கள் (நாம் எழுதும் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றுபவை) அதைக் கண்டுகொள்வதை எப்போதோ விட்டாச்சு. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2017 பதிப்பில் எடுத்தும் விட்டார்கள்.

தக்கலை: என் எண் நெகட்டிவ் ஆகவே ஆகாது. 8-ஆல் வகுக்கும்போது அதைச் சொன்னால் லாபமா?

இரண்டு மூன்று இன்ஸ்ட்ரக்ஷன் மிச்சம். வெறும் ஷிஃப்ட்டோடு (பிட்டுகளை நகர்த்துவதோடு) முடியும். அன்சைன்ட் (நெகட்டிவ் ஆகாத எண்) என்று டிக்ளேர் செய்தாலே அது கிடைக்குமே!

குலசேகரம்: ரப்பர் பால் கடைக்கு பில் போடும் புரோகிராம். டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பர் சதவீதம்) 0 முதல் 100 வரைதான் என்று அசூம் (இது இப்படித்தான் இருக்கும் என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி) போட்டேன். சில நேரம் தொகை கன்னாபின்னா என்று வருகிறது. கம்பைலரில் பிழையா?

எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன், ஒன்றும் எழுதவில்லை. பழியை மட்டும் எழுதிவிட்டீர்கள். பிழை உங்களுடையது, தம்பி.

அசூம் சோதனை அல்ல, வாக்கு. கடைப் பையன் 35-க்கு 355 என்று தட்டுகிறான். கீழே "100-க்கு மேல் போனால் நிறுத்து" என்று இஃப் சோதனை இருக்கிறதே என்கிறீர்கள். இல்லை. மீறவே மீறாது என்று நீங்களே சொன்ன பிறகு அந்த இஃப் எதற்கு என்று கம்பைலர் அதைத் தூக்கிவிட்டது. 101 இடமுள்ள விலைப் பட்டியலில் 355-ஆவது இடத்தில் கிடந்த குப்பையைப் பிரிண்டர் அச்சடிக்கிறது. மிச்சம் பிடித்தது ஒரு நானோ நொடிகூட இருக்காது. பிரிண்டர் ஒரு வரி அடிக்கும் நேரத்தில் அந்த ஒப்பீட்டைக் கோடித் தடவை செய்யலாம்!

பெரிய ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1996-இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிக்குள் சிதறியது. ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கும் இடத்தில், அது அவ்வளவு பெரிதாகாது என்று பாதுகாப்பு போடாமல் விட்டிருந்தார்கள். முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இன் பாதைக்கு அது சரி. ராக்கெட் மாறியது, புரோகிராம் மாறவில்லை.

நூறு தடவை எழுதியாச்சு: விசைப்பலகை, சென்சார், ஃபைல் என்று வெளியிலிருந்து வரும் எண்ணுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

குழித்துறை: வரம்பை டைப்பிலேயே (எண்ணின் வகையிலேயே) எழுத வழி உண்டா?

பாஸ்கல் மொழியில் உண்டு, அடா மொழியில் 1983-இலிருந்தே உண்டு. அடாவில் மீறினால் ஓடும்போதே பிடித்து நிறுத்தும், நீங்களாக அந்தச் சோதனையை அணைக்காத வரை.

கருங்கல்: அப்படியானால் அசூம் எங்கேதான் போடுவது?

புரொஃபைலர் (நேரம் எங்கே போகிறது என்று காட்டும் கருவி) காட்டிய சூடான லூப்பில், எண் உங்கள் புரோகிராமுக்குள்ளேயே பிறந்தது என்றால். டீபக் பில்டில் (பிழை தேடும் பதிப்பில்) அதே வரி அசெர்ட்டாக (மீறினால் நிறுத்தும் சோதனையாக) இருக்கட்டும். போட்டபின் நேரத்தை அளந்து பாருங்கள். மாறவில்லை என்றால் அழித்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் எண்ணுக்கு, மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.