கேள்வி – பதில்: 1920இல் காங்கிரஸ் தலைவர் யார்?

கேள்வி: 1920 காங்கிரஸ் மாநாட்டுத் தலைவர் என்று ஒரு கையேட்டில் லாலா லஜபதி ராய், இன்னொன்றில் சேலம் விஜயராகவாச்சாரியார் என்று போட்டிருக்கிறது. எதை எழுதுவது?
– குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் வாசகி, ஆத்தூர்

பதில்: இரண்டும் சரிதான் சகோதரி. அந்த ஆண்டு காங்கிரஸ் இருமுறை கூடியது. செப்டம்பரில் கல்கத்தாவில் நடந்தது சிறப்பு மாநாடு. தலைவர் லஜபதி ராய். டிசம்பரில் நாக்பூரில் நடந்தது வழக்கமான ஆண்டு மாநாடு. தலைவர் நம் விஜயராகவாச்சாரியார். கேள்வியில் ஊர்ப் பெயரோ ‘சிறப்பு’ என்ற சொல்லோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறுமனே ‘ஆண்டு மாநாடு’ என்றால் நாக்பூர்தான்.

ஒத்துழையாமைத் தீர்மானம் இரண்டு இடத்திலும் வருவதால்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கல்கத்தாவில் ஏற்றார்கள், நாக்பூரில் உறுதி செய்தார்கள். நாக்பூருக்கே உரியவை வேறு: மொழிவாரி மாகாணக் கமிட்டிகள், 15 பேர் கொண்ட காரியக் கமிட்டி, நாலணா சந்தா. ஜின்னா காங்கிரஸை விட்டு விலகியதும் இந்த மாநாட்டை ஒட்டித்தான்.

தலைமை வகித்தவருக்கே ஒத்துழையாமையில் முழு உடன்பாடு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1882 சேலம் கலவரத்தைத் தூண்டியதாக 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து சென்னை உயர்நீதிமன்றத்தில் விடுதலையானவர் அவர். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒருவரி விடையாக மட்டும் மனப்பாடம் செய்வது அநியாயம்.

கேள்வி: ராஜாஜி பிறந்தது சேலம் மாவட்டமா, கிருஷ்ணகிரி மாவட்டமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஊர் தொரப்பள்ளி, 1878 டிசம்பர் 10. அன்று அது சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி பிரிந்தது, 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ‘தற்போதைய’ என்று கேட்டால் கிருஷ்ணகிரி. நாமக்கல்லும் 1997 வரை சேலத்தோடுதான் இருந்தது. பழைய நூல்களில் ‘சேலம் ஜில்லா’ என்று கண்டால் இன்றைய வரைபடத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: மதுவிலக்கு முதலில் வந்தது நம் சேலத்தில்தானா?
– வாசகர், சேவாப்பேட்டை

பதில்: சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை ஆம். ராஜாஜி 1937 ஜூலை 14இல் பிரதமராகப் பொறுப்பேற்றார். மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். மூன்று மாதத்துக்குள், அக்டோபர் 1இல், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலானது. கள், சாராய வருமானம் போனால் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு அவர் கண்ட வழி 1939 பொது விற்பனை வரிச் சட்டம். இந்த இரண்டையும் சேர்த்தே படியுங்கள். காரணம் தெரிந்தால் ஆண்டு தானாக நிற்கும்.

கேள்வி: சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் ராஜாஜிதானே?
– பிளஸ் 2 மாணவர், ஓமலூர்

பதில்: இல்லை தம்பி, மவுண்ட்பேட்டன். ராஜாஜி அப்பதவி வகித்த ஒரே இந்தியர். கடைசி கவர்னர் ஜெனரலும் அவரே. காலம் 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை. குடியரசு ஆனதும் அந்தப் பதவியே இல்லாமல் போயிற்று. 1949 நவம்பர் 26 என்று எழுதிவிடாதே. அது அரசியலமைப்பை ஏற்ற நாள்.

கேள்வி: சேலத்தில் தொடங்கியது தி.க.வா, தி.மு.க.வா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: 1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி ‘திராவிடர் கழகம்’ என்று பெயர் மாறியது. தி.மு.க. 1949 செப்டம்பர் 17, சென்னை.