வெஸ்ட்டா, முதுகுப்பையா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் நண்பர்களோடு முதல்முறையாகக் கொயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த, அதைவிடச் சிறிய காட்டு விலங்கு) வேட்டைக்குப் போகிறேன்; லைசென்ஸ் எடுத்தாயிற்று. முயல் கத்துவதுபோல் ஒலி எழுப்பும் ஸ்பீக்கர், அதன் ரிமோட், வாயால் ஊதும் இரண்டு மூன்று ஊதல்கள், துப்பாக்கியைத் தாங்கும் ட்ரைபாட், உட்கார மெத்தை, பைனாகுலர் என்று சாமான் சேர்ந்துவிட்டது. இதற்குப் பெரிய முதுகுப்பை வாங்கலாமா, பாக்கெட் வைத்த வெஸ்ட் போதுமா?

பதில்: ஒரு நாளில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கொயோட்டி வேட்டையில் ஓரிடத்தில் உட்கார்ந்து, இரை கத்துவதுபோல் ஒலி எழுப்பி 15, 20 நிமிடம் அதைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். வராவிட்டால் அடுத்த இடம். இப்படி ஏழெட்டு இடம் போனால், ஏழெட்டு முறையும் கடையை விரித்துச் சுருட்ட வேண்டும். மான் வேட்டைபோல ஒரே மரத்தடியில் நாளைக் கழிக்கிற வேலை இல்லை இது.

அதனால் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நடந்து போய் உட்காரும் வேட்டை என்றால் என் ஓட்டு வெஸ்ட்டுக்குத்தான். பின்பக்கம் மெத்தை தொங்கும் வெஸ்ட்டாக வாங்குங்கள். மெத்தை எப்போதும் கூடவே வரும், மறந்து விட்டுவிட்டு வர வழியில்லை. ரிமோட்டுக்கும் ஊதலுக்கும் ஆளுக்கொரு பாக்கெட் ஒதுக்கி, அதை மாற்றவே மாற்றாதீர்கள். கண் எதிரில் விலங்கு நிற்கும்போது குனிந்து தேட முடியாது, கைதான் தேடும்.

நடை நீளமாக இருந்தால் முதுகுப்பைக்கு மாறுங்கள். காரணம் எடை மட்டும் இல்லை. தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு மேடேறினால் உள்ளே வியர்த்துவிடும். போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அந்த ஈரமே நடுக்கத்தைக் கொண்டுவரும். பை இருந்தால் கோட்டை அதில் திணித்துக்கொண்டு நடந்து, உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். இடுப்புப் பட்டை உள்ள பையாகப் பாருங்கள். பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். ஸ்பீக்கரை மட்டும் மேலே வையுங்கள். அதைத்தான் முதலில் எடுத்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து 30, 40 மீட்டர் தள்ளி வைக்கப்போகிறீர்கள். அடியில் போட்டால் எல்லாவற்றையும் புல்லில் கொட்ட வேண்டியதுதான்.

கேள்வி: கடையில் எதைப் பார்த்து வாங்குவது? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

பதில்: கண்ணால் பார்க்காதீர்கள், காதால் பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் திறந்து மூடுங்கள். வெல்க்ரோவை இழுத்தால் வரும் ‘சர்ர்’ சத்தம் கடை இரைச்சலில் தெரியாது. காற்று ஓய்ந்த காலையில் அது ஊருக்கே கேட்கும். பொத்தானோ காந்தமோ இருந்தால் நல்லது. துணியை நகத்தால் கீறிப் பாருங்கள். மொரமொரப்பான நைலான் ஒவ்வொரு புதரிலும் உரசிக் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், குளிர்கால கோட்டை எடுத்துப்போய் அதன்மேல் போட்டுப் பாருங்கள். டீஷர்ட்டோடு சரியாக இருந்த வெஸ்ட் கோட்டின்மேல் மார்பைக் கட்டிப்போடும். கையைத் தூக்கித் துப்பாக்கி பிடிப்பதுபோல் நில்லுங்கள். துப்பாக்கியின் கட்டை தோளில் பதிகிற அதே இடத்தில் பட்டையோ பிளாஸ்டிக் பக்கிளோ வந்தால் அந்தச் சாமானை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கட்டை அதில் வழுக்கும், குறி தப்பும். உருமறைப்பு டிசைனுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. மங்கிய நிறமாக இருந்து நீங்கள் அசையாமல் இருந்தால் போதும்.

கேள்வி: வேட்டையாடியதை அதே பையில் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. உடல் ஆறத் தொடங்கியதும் அதிலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வேறு சூடான இடம் தேடிக் கிளம்பும். அந்த இடம் உங்கள் முதுகு. சொறி பிடித்த கொயோட்டி என்றால் உங்களுக்கும் அரிப்பு வரலாம். கையுறை போட்டு, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாகக் கொண்டுவாருங்கள். தோளில் சுமந்து வருவதானால் மேலே பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் வேறொரு வேட்டைக்காரருக்குப் புதருக்குள் அசைகிற ரோமம் மட்டும்தான் தெரியும்.