தோழர்கள் இல்லாத வீட்டில் குழந்தை பழகக் கற்றுக்கொள்ளுமா?

கேள்வி (கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் வந்தது): என் மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். கொரோனா பொதுமுடக்கத்தால் ஓராண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வளர்கிறாள். காய்கறிக்காரர் வந்தால் என் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறாள். மாடிவீட்டுக் குழந்தை பொம்மையைத் தொட்டால் பிடுங்கிவிடுகிறாள். பிறரோடு பழகவே தெரியாமல் போய்விடுமோ? – வாசகி, கோவை

பதில்: நீங்கள் கூறிய இரண்டும் இந்த வயதுக்கு இயல்பானவையே. புதியவரைக் கண்டு தாயிடம் ஒட்டிக்கொள்வது பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்ததுதான். பகிர்ந்து விளையாடும் பக்குவமோ மூன்று வயதையொட்டித்தான் மெல்ல வரத் தொடங்கும். இரண்டு வயதுப் பிள்ளைகள் இருவரை ஒரே பாயில் உட்காரவைத்தாலும் பெரும்பாலும் அவரவர் விளையாட்டைத்தான் விளையாடுவார்கள். எனவே, தோழர்கள் இல்லாத குறை நீங்கள் அஞ்சுமளவுக்குப் பெரிதன்று. முகம் பார்ப்பது, காத்திருப்பது, முறை மாற்றிக்கொள்வது ஆகிய அடிப்படைகளை அவள் வீட்டுப் பெரியவர்களிடமே கற்கிறாள்.

பருப்புக் கடையும் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல் விரலாக அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று பங்கு வைத்து, நண்டு ஊர்ந்து அக்குளுக்குப் போகும் முன் ஒரு கணம் நிறுத்துங்கள். அடுத்தது என்ன என்று உங்கள் முகத்தையே பார்த்துக் காத்திருப்பாள். பிறகு உங்கள் கையை நீட்டி, அவளைக் கடையச் சொல்லுங்கள். கடைகளில் விற்கும் 'அறிவு வளர்க்கும்' பொம்மைகள் எதைக் காட்டிலும் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பிடுங்கும்போது அதட்ட வேண்டாம். "உனக்கு இன்னும் விளையாட வேண்டும், தம்பியும் கேட்கிறான்" என்று இருவர் மனநிலையையும் சொல்லிக்காட்டி, வேறொரு பொம்மையைக் கொடுங்கள். அவளுக்கு மிகப் பிடித்ததை அக்குழந்தை வருமுன்பே எடுத்து வைத்துவிடலாம்.

இரண்டு வயதில் திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சோறூட்டக் கைபேசியைக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். தாத்தா பாட்டியுடன் காணொளியில் பேசுவதைத் தடுக்க வேண்டியதில்லை. பேச்சுக்குப் பேச்சு, சிரிப்புக்குச் சிரிப்பு அங்கே கிடைக்கிறது.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமை, "அம்மா வா" போல இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பொதுமுடக்கத்தின் மீது பழியைப் போட்டுக் காத்திராமல், குழந்தை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறன் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.