கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்: இது தவறான பணிநீக்கமா?

கேள்வி: எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டராக 4 வருடம் 10 மாதம் வேலை பார்த்தேன். சம்பளம் 18,000 ரூபாய். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு ஆறு நாள் லீவு எடுத்தேன். திரும்பிப் போன அன்று கார்டு பஞ்ச் ஆகவில்லை. "உள்ளே விட வேண்டாம்னு ஹெச்ஆர் சொல்லிட்டாங்க" என்று செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிச் சம்பளம் தருவோம் என்கிறார்கள். இன்னும் போடவில்லை. கம்பெனியில் 150 பேர் இருப்போம். இது தவறான பணிநீக்கமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கையெழுத்துப் போடாமல் இருந்தீர்களே தம்பி, அதுவே பெரிய காரியம். இனியும் போடாதீர்கள். ராஜினாமா என்பது நீங்களாக வேலையை விட்டதாக ஆகிவிடும். மிரட்டி வாங்கியது என்று பிறகு நிரூபிக்க முடியாது என்றில்லை, ஆனால் படாத பாடு பட வேண்டும். பாக்கிச் சம்பளத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் வேலையை விட்டாலும் சரி, நீக்கப்பட்டாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். முதலாளி ஒருவரை வேலையைவிட்டு அனுப்பவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எப்படி அனுப்பினார் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. நீங்கள் தப்பு செய்தீர்கள் என்றால் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) கொடுக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், தண்டனை தப்புக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். தப்பு இல்லை, ஆள் அதிகம் என்றால் அது ஆட்குறைப்பு. 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பதும் பொது விதி. இந்த இரண்டு வழியிலும் வராமல் கேட்டில் நிறுத்துவது தவறான பணிநீக்கம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்திருப்பதால் எல்லாம் மாறிவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். மேலே சொன்ன விதிகள் அதிலும் அப்படியே இருக்கின்றன. அரசு அனுமதி வாங்கித்தான் ஆட்குறைப்பு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் முன்பு 100 பேர் உள்ள தொழிற்சாலைக்கே இருந்தது, இப்போது 300 ஆகிவிட்டது. தொழிலாளிக்கு இது நஷ்டம் என்பதுதான் என் கருத்து. உங்கள் கம்பெனிக்கு அந்த அனுமதி தேவையில்லை. நோட்டீஸும் இழப்பீடும் தேவை.

தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் நடக்கும் சமரசப் பேச்சில் கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று இப்போதே சொல்கிறேன்: "நாங்கள் நீக்கவே இல்லை, அவராகத்தான் வரவில்லை." நான் பார்த்த வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியில்தான் நிற்கும். சொல்லாமல் எட்டு நாளுக்கு மேல் வராததால் பெயர் தானாக நீங்கிவிட்டது என்று ஒரு கம்பெனி வாதாடிய டி.கே.யாதவ் வழக்கில், விசாரணை இல்லாமல் அப்படி நீக்கக் கூடாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு மட்டும் போதாது, நீங்கள் வேலைக்கு வந்து நின்றதற்கு ஆதாரம் வேண்டும்.

அதனால் இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். "இன்ன தேதி காலை இத்தனை மணி ஷிப்டுக்கு வந்தேன், கார்டு வேலை செய்யவில்லை, கேட்டில் நிறுத்தப்பட்டேன், நான் ராஜினாமா செய்யவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." இவ்வளவு போதும், கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, கம்பெனி மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சூப்பர்வைசருக்கு அனுப்பிய லீவு மெசேஜை அழித்துவிடாதீர்கள், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்து வையுங்கள். அப்புறம் உங்கள் பிஎஃப் கணக்கைத் திறந்து பாஸ்புக்கை டவுன்லோடு செய்யுங்கள். மாதாமாதம் யார் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்கிறது, வேலையிலிருந்து விலகிய தேதி போட்டிருக்கிறார்களா, என்ன காரணம் என்று பாருங்கள். கம்பெனி பெயர் இல்லாமல் காண்ட்ராக்டர் பெயர் இருந்தால் வழக்கை வேறு மாதிரி போட வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 4 வருடம் 10 மாதம். இன்னும் இரண்டு மாதம் போனால் ஐந்து வருடம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) தர வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் அனுப்பினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருடம் ஆனதாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எனவே கிராஜுவிட்டியையும் கேளுங்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டிலும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலம் ஒரு வருடமாகக் கணக்காகும். அப்படிப் பார்த்தால் தோராயமாக வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் ஐந்து வருடத்துக்கு 45,000, நோட்டீஸ் சம்பளம் 18,000, ஆக 63,000 ரூபாய். கிராஜுவிட்டி தனி. யாராவது குறைந்த தொகைக்கு "செட்டில்மென்ட்" பேசினால் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனு கொடுங்கள். தகராறு எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தின் மூன்று வருடக் கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சமரசம் முறிந்து அந்த அதிகாரியின் அறிக்கை கைக்கு வந்தால், 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். வேறு வேலை கிடைக்காமல் இருக்கிறேன் என்பதை மனுவிலேயே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், உங்களுக்கு வருமானம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனிக்குப் போகும் என்று 2013-இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தவறான நீக்கத்துக்குச் சாதாரணமான பரிகாரம் பாக்கிச் சம்பளத்தோடு மீண்டும் வேலை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் இப்போது பல வழக்குகளில் வேலைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகைதான் கிடைக்கிறது. அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளி என்பதே ஒரு தனிப் பிரிவு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது தபால் ரசீதைக் கையில் கொண்டு போங்கள்.