ஒரே ஊசியில் எல்லா நோயும் போகுமா? ஸ்கூட்டரில் வரும் ‘ஜீன் ஊசி’ பற்றி

திருவட்டாறு பக்கத்தில் இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். வீட்டில் ஜெர்சி கலப்பு மாடு இரண்டு. ஒன்று கறவையில் நிற்கிறது, மற்றது ஏழு மாதச் சினை, அது போக ஐந்து மாதக் கிடாரிக் கன்று ஒன்று. போன வாரம் ஸ்கூட்டரில் வந்த ஒருவர், ‘வெளிநாட்டு ஜீன் ஊசி, ஒரு தடவை போட்டால் கோமாரி, அம்மை, மடிநோய் மூன்றும் ஆயுசுக்கும் வராது’ என்று சொல்லி, சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டி, மாட்டுக்கு இவ்வளவு என்று பணமும் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் போட்டும் விட்டார்கள். இன்னொரு பக்கம், ஜீன் ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடித்தால் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. போன முறை அரசு ஊசி போட்டபோது இரண்டு நாள் பால் குறைந்ததாம். அதனால் இந்த முறை அரசு ஊசியை விட்டுவிட்டு இவரிடம் போடலாமா, இல்லை எதுவுமே போடாமல் இருந்துவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

இரண்டுமே வேண்டாம் அக்கா. அவர் சொல்கிற ஊசி உலகத்தில் எங்கேயும் கிடையாது. அரசு கோமாரி ஊசியை ஒரு முறைகூட விடாதீர்கள். ஒன்றிரண்டு நாள் பால் குறைந்தாலும் திரும்பிவிடும், அந்தப் பாலைக் குடிப்பதால் கெடுதல் இல்லை.

இப்போது ஜீன் விஷயம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் போடுகிற மஞ்சள் காமாலை பி தடுப்பூசி ஜீன் தொழில்நுட்பத்தில் ஈஸ்ட்டில் செய்ததுதான். கொரோனா நேரத்தில் நம்மில் பெரும்பாலானவர்கள் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் அந்த வகைதான். சிம்பன்சிக் குரங்குக்குச் சளி பிடிக்கவைக்கும் ஒரு வைரஸை எடுத்து, உடம்பில் பெருக முடியாதபடி ஆக்கி, அதில் கொரோனாவின் ஒரு துண்டுக்கான ஜீனை மட்டும் சேர்த்து ஊசியாக்கினார்கள். திருடனையே வீட்டுக்குக் கூட்டி வராமல் அவன் சட்டையை மட்டும் கொண்டுவந்து நாய்க்கு மோப்பம் காட்டுவது மாதிரி. நாளைக்கு உண்மையான கிருமி வந்தால் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். மாட்டுக்குச் செய்கிற ஜீன் ஊசியும் இதே கதைதான். ஊசியில் இருக்கும் ஜீன் மாட்டின் ஜீனை மாற்றுவதில்லை, கன்றுக்குப் போவதில்லை, காய்ச்சிக் குடிக்கிற பாலில் வந்து பிள்ளைகளை ஒன்றும் செய்துவிடாது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள்.

அப்படியென்றால் மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரவைக்கும் கோமாரிக்கு ஜீன் ஊசி ஏன் செய்யப் பார்க்கிறார்கள்? இன்று நம் மாடுகளுக்குப் போடும் கோமாரி ஊசியைச் செய்ய, உயிருள்ள கோமாரி வைரஸைத் தொழிற்சாலையில் பெரிய தொட்டிகளில் வளர்த்து, பிறகு கொன்று, எண்ணெயோடு கலந்து குப்பியில் அடைக்கிறார்கள். அந்த வைரஸ் வெளியே தப்பினால் ஆபத்து. 2007-இல் இங்கிலாந்தில் பிர்பிரைட் என்ற இடத்தில் ஆய்வுக்கூடமும் தடுப்பூசித் தொழிற்சாலையும் இருந்த வளாகத்தின் கழிவுநீர்க் குழாய் வழியாக வைரஸ் தப்பியதால்தான் பக்கத்துப் பண்ணைகளில் கோமாரி வந்தது. வைரஸையே வளர்க்காமல் அதன் மேலோட்டுக்கான ஜீனை மட்டும் வேறொரு வைரஸில் ஏற்றிவிட்டால் இந்தப் பயமே இல்லை. அமெரிக்காவில் 2012-இல் அப்படி ஒரு கோமாரி ஊசிக்கு நிபந்தனையோடு உரிமம் கொடுத்தார்கள். கோழியில் இது சாதாரண நடைமுறையாகவே ஆகிவிட்டது. வான்கோழி ஹெர்பிஸ் வைரஸில், கோழிக்கு வரும் கம்போரோ நோய்க் கிருமியின் ஜீனைச் சேர்த்த ஊசியைக் குஞ்சு பொரிக்கிற இடத்திலேயே போட்டு அனுப்புகிறார்கள்.

ஆனால் நம் ஊரில் அரசு கம்பவுண்டர் கொண்டுவந்து போடுவது இன்றைக்கும் பழைய முறையில் கொன்ற வைரஸ்தான். ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகைக்கும் சேர்த்தது. கோமாரியில் மொத்தம் ஏழு வகை உண்டு, ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. ஒரே ஒரு நோய்க்கே மூன்று சரக்கைச் சேர்த்து, அதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டியிருக்கிறது. மடிநோயோ ஒரே ஒரு வகைக் கிருமியால் மட்டும் வருவதில்லை, பல வகைப் பாக்டீரியா, அழுக்குத் தரை, முழுசாகக் கறக்காத மடி எல்லாம் சேர்ந்து வருவது. இதையும் அம்மையையும் கோமாரியையும் ஒரே குப்பியில், ஆயுசுக்கும் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே கதவைச் சாத்தலாம்.

அந்த ஸ்கூட்டர் சீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். கோமாரித் தடுப்பூசி என்பது தொழிற்சாலையில் இருந்து மாட்டின் தோலைத் தொடும் வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. கோமாரி வைரஸின் ஓடு சூட்டில் உடைந்துபோகும், உடைந்துவிட்டால் அந்த ஊசி வெறும் எண்ணெய். உறையவும் கூடாது, ஃப்ரீசரில் வைத்து எடுத்த குப்பியில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து, குலுக்கினாலும் சேராமல் நிற்கும். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டு வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள், கையை வைக்க முடியாது. அதற்குள் அரை நாள் கிடந்த குப்பியில் நல்ல கம்பெனி மருந்தே இருந்தாலும் செத்துப் போயிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதே சந்தேகம் என்பது வேறு. காலிக் குப்பியில் எதையாவது நிரப்பி மூடிவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க நம்மால் முடியாது.

மரபணு மாற்றிய எதையும் இந்த நாட்டில் ஒருவர் பையில் போட்டுக்கொண்டு விற்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989 விதிகளின்படி அதற்கென்று உள்ள மத்திய அரசுக் குழுக்கள் பார்க்க வேண்டும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உரிமம் தர வேண்டும், குப்பியின் மேல் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். அவரிடம் இவற்றைக் கேளுங்கள், செல்லில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

இந்தத் தரகர்களுக்கு இடம் கொடுத்தது யார் என்றால் நம் ஏற்பாடுகளின் மெத்தனம்தான், அதைச் சொல்லாமல் விட முடியாது. மாட்டு அம்மை, அதாவது தோல் கழலை நோய், இந்தியாவுக்குள் வந்தது 2019-இல். 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த ஆகஸ்டில் ஹிசாரில் உள்ள குதிரை ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் லம்பி-புரோவேக் என்று ஒரு ஊசியை வெளியிட்டார்கள். ராஞ்சியில் 2019-இல் எடுத்த வைரஸைச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்துச் செய்த நல்ல வேலை அது. அதே ராஞ்சி வைரஸில் இருந்து ஒரு கம்பெனி செய்த ஊசிக்கு மத்திய உரிமம் கிடைத்தது 2025 பிப்ரவரியில். இடையில் இரண்டரை வருஷம். அதுவரை ஆட்டு அம்மை ஊசியை மாட்டுக்குப் போட்டுச் சமாளித்தோம். ஓரளவு காப்பாற்றியது என்பது உண்மை, ஆனால் நோய் காகிதத்துக்காகக் காத்திருக்குமா? ஊர் மட்டத்திலும் இதே கதைதான். குலசேகரம், அருமனைப் பக்கம் காலை எட்டு மணிக்கு முகாம் என்று அறிவிக்கிறார்கள். ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் பாலெடுத்துத் திரும்பும்போது பத்து மணிக்கு மேல் ஆகிவிடும், வீட்டில் மாட்டைப் பிடிக்க ஆள் இருக்காது. மாலையில் ஒரு முகாம் வையுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? அந்த வீடுகளுக்குத்தான் ஸ்கூட்டர் போகிறது.

முன்பு மாடுகளைக் கொன்ற வெக்கை நோயைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011-இல் அது உலகத்தில் இருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதற்கும் 1980-களிலேயே ஜீன் ஊசி செய்து பார்த்தார்கள், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நோயை ஒழித்தது பழைய முறை ஊசிகள். அதில் ஒன்று ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு மாதம் வரை தாங்கும்படி செய்யப்பட்டது, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடே இல்லாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போனார்கள். ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு நல்ல ஊசி செய்தாலும் கடைசி வீட்டுத் தொழுவம் வரை கெடாமல் வரவில்லையென்றால் பிரயோஜனம் இல்லை. இதைத்தான் நான் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறேன்.

சரி, உங்கள் மாடுகளுக்கு வருவோம். இரண்டு நாள் பால் குறைந்தது என்கிறீர்கள். ஊசி போட்ட பிறகு லேசான காய்ச்சல், போட்ட இடத்தில் ஒரு கட்டி, கொஞ்சம் பால் குறைவு எல்லாம் வரும், தானாகப் போகும். அதோடு கோமாரியை வைத்துப் பாருங்கள். நாக்கில் தோல் உரிந்து, எச்சில் நூல் நூலாக வடிந்து, குளம்பிடையில் புண்ணாகி மாடு நிற்க முடியாமல் தவிக்கும். புண் ஆறிய பிறகும் சில கலப்பு மாடுகள் முடி நீண்டு, லேசான வெயிலுக்கே நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டு நிற்கும், பழைய பால் திரும்பவே திரும்பாது. சின்னக் கன்றென்றால் இதயத்தைத் தாக்கி, வாயில் புண் வருவதற்கு முன்பே விழுந்து செத்துவிடலாம். ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆகவே அடுத்த தெருவில் நோய் வந்த பிறகு ஓடுவது தாமதம். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை வழியாக மாடுகள் போவதும் வருவதும் நிற்காத மாவட்டம் இது.

கிடாரிக் கன்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தவறு நடக்கிறது. கன்று வீச்சு நோய் என்கிற புருசெல்லாவுக்கு எஸ்-19 என்ற ஊசி உண்டு. அது செத்த கிருமி இல்லை, வீரியம் குறைந்த உயிருள்ள கிருமி. அதனால் இதற்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு. நான்கு மாதம் முடிந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் பெண் கன்றுக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை. காளைக் கன்றுக்குக் கூடாது. சினைமாட்டுக்குக் கண்டிப்பாகக் கூடாது, கருவே விழுந்துவிடலாம். எட்டு மாதம் தாண்டிய கிடாரிக்கும் வேண்டாம். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் பிற்பாடு ரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும், நோய் வந்த மாடா ஊசி போட்ட மாடா என்று பிரிக்க முடியாது, விற்கும்போது தகராறுதான். இந்தக் குழப்பம் இல்லாமல் இரண்டையும் பிரித்துக் காட்டும் ஊசி வேண்டும் என்பதற்காகத்தான் விஞ்ஞானிகள் கிருமியில் ஒரு ஜீனை வெட்டி எடுத்து ஊசி செய்யப் பார்க்கிறார்கள், பன்றியின் ஒரு ஹெர்பிஸ் நோயை இந்த வழியில்தான் பல நாடுகளில் ஒழித்தார்கள். எஸ்-19 மனிதருக்கும் தொற்றும். போடும்போது கன்று துள்ளி ஊசி உங்கள் கையில் குத்திவிட்டாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ, கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய் ‘புருசெல்லா தடுப்பூசி குத்திவிட்டது’ என்று அந்தப் பெயரையே சொல்லுங்கள், வெறும் மாட்டு ஊசி என்று சொன்னால் டிடி போட்டு அனுப்பிவிடுவார்கள். உங்கள் கன்றுக்கு ஐந்து மாதம், சரியான வயது. இன்னும் மூன்று மாதம் விட்டால் போச்சு.

ஏழு மாதச் சினைக்குக் கோமாரி ஊசி கொன்ற வைரஸ் என்பதால் மருந்தால் பயமில்லை. மாட்டைப் பிடித்து மல்லுக்கட்டுவதுதான் சினைக்கு ஆபத்து. கம்பவுண்டரிடம் எத்தனை மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் இப்போதே போடுவதா ஈன்ற பிறகா என்று பார்த்துக்கொள்வார். காய்ச்சலில் இருக்கும் மாட்டுக்கு எந்த ஊசியும் வேண்டாம்.

அரசு முகாமில் கோமாரி ஊசியும் புருசெல்லா ஊசியும் இலவசம். காதில் மஞ்சள் கம்மல் இல்லையென்றால் போடச் சொல்லுங்கள், அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஊசி பதிவாகிறதா என்று அவர் செல்லிலேயே காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். முகாமைத் தவறவிட்டால் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் பெயர் கொடுங்கள், நோய் மாதிரித் தெரிந்தால் 1962-க்குப் போன் போட்டால் நடமாடும் வண்டி வரும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்: ஸ்கூட்டர் ஊசி போட்டாயிற்று என்று அவர்கள் அரசு ஊசியை விட்டுவிட்டால் அந்த மாடுகள் ஊசியே போடாத மாடுகள்தான்.